பண்ணை என்ற சொல்லும் மூன்று பவுண்டும்

போன மழைக்காலத்தில் நண்பர்கள் மூன்று பேர் ஒரு கையெழுத்துப் படியோடு வீட்டுக்கு வந்தார்கள். மூவரும் இயக்க வேலைகளில் கூட நின்றவர்கள். இரண்டு பேர் நல்ல சம்பள வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். பத்து ஏக்கர் வாங்கி, ஏழெட்டுக் குடும்பமாகச் சேர்ந்து, சாதி பார்க்காமல் ஒரே அடுப்பில் ஆக்கித் தின்று, விவசாயத்திலேயே பிழைப்பது என்று திட்டம். கம்யூன் என்றே எழுதியிருந்தார்கள். அதற்கு நான் முன்னுரை எழுத வேண்டுமாம்.

ஏன் நான் என்று கேட்டேன். “ஒங்களுக்குத்தானே தோழர் மண்ணப் பத்தித் தெரியும்” என்றார் ஒருவர்.

எனக்கு ஏர் பிடிக்கத் தெரியாது. எங்கப்பா ஆண்டை வீட்டுக் கழனியில் ஏர் ஓட்டியவர். நான் போய் மேழியைத் தொட்டால் கையிலிருக்கிற தார்க்குச்சியாலேயே போடுவார். ‘இது என்னோட போவட்டும்டா’ என்பார். அந்தப் பேச்சின் பலனாகத்தான் நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். மண்ணைப் பற்றித் தெரியாமல் இருப்பது என் வீட்டில் இரண்டு தலைமுறை பாடுபட்டுச் சம்பாதித்த சொத்து. இதை அவர்களிடம் சொல்லவில்லை. படியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதல் பக்கத்திலேயே டால்ஸ்டாய் பண்ணை இருந்தது. தென்னாப்பிரிக்காவில் காந்தி அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பும் டால்ஸ்டாய் பண்ணையும்தான் தங்களுக்கு முன்மாதிரி என்றும், அங்கே தமிழர்கள் சாதி மதம் மறந்து மண்ணை உழுது வாழ்ந்தார்கள் என்றும் எழுதியிருந்தார்கள். சரி, மூலத்தைப் பார்த்துவிடுவோம் என்று ‘சத்திய சோதனை’யையும் தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகம் பற்றிய காந்தியின் நூலையும் திரும்ப எடுத்தேன். கல்லூரிக் காலத்தில் இவற்றை நாங்கள் ஒழுக்க நூல்களாகப் படித்தோம். இந்த முறை ஒரே கேள்வியோடு படித்தேன்: இந்தப் பண்ணைகளில் இருந்தவர்கள் யார் காசில் சாப்பிட்டார்கள்? முன்னுரை வரவில்லை. இந்தக் கட்டுரைதான் வந்தது.

முதலில் பண்ணை என்ற சொல்லைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ஃபார்ம் என்றிருப்பதைத் தமிழில் பண்ணை என்று பெயர்த்திருக்கிறோம். அகராதிப்படி சரிதான். ஆனால் சேரியின் காதில் பண்ணை என்பது ஓர் இடமல்ல, ஓர் ஆள். ‘பண்ண வராரு’ என்றால் தோள்துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். பண்ணையாள் என்றால் அந்த இடத்தில் வேலை செய்கிறவன் என்று அர்த்தமில்லை. அந்த ஆளுக்குச் சொந்தமானவன் என்று அர்த்தம். முக்கூடற்பள்ளில் நெல் வகையும் மாட்டு வகையும் வரிசையாக வரும். வகுப்பில் அதை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அதே நூலில்தான் பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுமரத்தில் மாட்டுகிறான். அது நகைச்சுவைப் பகுதி என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். வகுப்பில் இரண்டு மூன்று பேர் சிரிக்கவில்லை. யார் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர்த்தவருக்கு இந்தக் காது இல்லை, அது குற்றமுமில்லை. ஆனால் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி நேட்டாலுக்குப் போனவர்களுக்கு இந்தக் காது இருந்தது. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் 1,52,184 பேர். அதில் பெரும்பகுதி சென்னை மாகாணத்துச் சனம். கப்பல் பதிவேட்டில் பெயர், ஊர், தகப்பன் பெயரோடு சாதியும் எழுதினார்கள். பறையர் என்ற சொல் அந்தப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடுதல். வேலை, கரும்புத் தோட்டத்தில். ஒரு பண்ணையிலிருந்து தப்பி இன்னொரு பண்ணைக்குப் போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் கறிகாய் போட்டார்கள். கூடையில் சுமந்துபோய் டர்பன் நகரத்தில் விற்றார்கள். கூலி வாங்கியவர்கள் சொந்தமாகப் பயிர் வைத்தார்கள். சிலர் நிலமும் வீடும் வாங்கினார்கள். இதைக் காந்தியே ‘சத்திய சோதனை’யில் சொல்கிறார். இந்தியக் காய்கறிகளை நேட்டாலுக்குக் கொண்டுவந்தது இவர்கள், மாமரம் கொண்டுவந்தது இவர்கள், உள்ளூர்க் காய்கறி விலை குறைந்தது இவர்களால் என்று எழுதுகிறார். எனக்கு நூல் முழுவதிலும் மிக முக்கியமாகப் பட்ட பத்தி அது. நம் சனம் விவசாயத்தைத் தன் கையால், தன் கணக்கில், ஒரு பிழைப்பாகச் செய்த காட்சி அங்கே ஒரு கணம் தெரிகிறது. எந்த அத்தியாயத்தில் தெரிகிறது? மூன்று பவுண்டு வரி பற்றிய அத்தியாயத்தில். அந்த வரி ஏன் வந்தது என்பதற்குக் காரணமாகத்தான் அந்தப் பத்தியே வருகிறது.

கூலிக்காரன் விவசாயியாக மாறியது வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்கும் வியாபாரிக்கும் பொறுக்கவில்லை. ஒன்று திரும்பக் கூலிக்கு வா, இல்லை ஊருக்குப் போ, இரண்டும் மாட்டேன் என்றால் வரி கட்டு. முதலில் 25 பவுண்டு கேட்டார்கள். 1895 சட்டத்தில் 3 பவுண்டாகக் குறைத்தார்கள். ஆளுக்கு 3 பவுண்டு. ஆணுக்குப் பதினாறு வயதிலும் பெண்ணுக்குப் பதின்மூன்று வயதிலும் தொடங்கும். கணவன், மனைவி, வளர்ந்த இரண்டு பிள்ளைகள் என்றால் வருசத்துக்கு 12 பவுண்டு. குடும்பத் தலைவனின் வரும்படி மாதம் 14 ஷில்லிங்குக்கு மேல் போகாது என்று காந்தியே கணக்குச் சொல்கிறார். பெருக்கிப் பாருங்கள். வருசத்துக்கு 8 பவுண்டு 8 ஷில்லிங். வரும்படியைவிட வரி கூட.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஃபீனிக்ஸுக்குப் போவோம். 1904. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில், போலக் கொடுத்த ரஸ்கின் புத்தகத்தைக் காந்தி படிக்கிறார். உழுகிறவனும் கைத்தொழில் செய்கிறவனும் வாழ்கிற வாழ்க்கையே வாழத்தக்கது என்று அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார். டர்பனிலிருந்து 14 மைலில், ஒரு நீரூற்றும் கொஞ்சம் ஆரஞ்சு, மாமரங்களும் இருந்த 20 ஏக்கரையும் அடுத்திருந்த 80 ஏக்கரையும் சேர்த்து 1,000 பவுண்டுக்கு வாங்குகிறார்கள். ‘இந்தியன் ஒப்பீனியன்’ அச்சகம் அங்கே போகிறது. அச்சகத்தைச் சுற்றியிருந்த நிலத்தை மூன்று மூன்று ஏக்கராகப் பிரிக்கிறார்கள். நிறம், தேசம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே சம்பளம் என்பது திட்டம். எவ்வளவு? மாதம் 3 பவுண்டு.

நான் இந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எளிமை என்று எண்ணி, தியாகம் என்று எண்ணி நிர்ணயித்த மாதச் சம்பளமும், அதே நேட்டாலில் முன்னாள் கூலியின் தலைமேல் விழுந்த வருச வரியும் ஒரே தொகை. இரண்டு மூன்றும் ஒரே நூலில் இருக்கின்றன, ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. இது சூழ்ச்சி என்று நான் சொல்லவில்லை. யார் கண்ணால் எழுதப்பட்டது என்பதைத்தான் சொல்கிறேன்.

ஃபீனிக்ஸில் விவசாயம் பிழைப்பாக இருந்ததா? பத்திரிகைக்கு ஒரு கட்டத்தில் மாதம் 75 பவுண்டு வரை தன் கையிலிருந்து அனுப்பியதாகக் காந்தி எழுதுகிறார். அது வக்கீல் தொழிலின் வரும்படி. கொஞ்சம் கொஞ்சமாகத் தொழிலை விட்டுவிட்டு அங்கேயே உடலுழைப்பில் வாழ நினைத்தேன், ஆனால் அவ்வப்போது சில நாள் தங்கத்தான் முடிந்தது என்று வருந்தவும் செய்கிறார். சாதாரண உழவர்களுக்குத் தகுந்த மாதிரி மண் குடிசை கட்ட ஆசைப்பட்டு, அது முடியாமல் தகரக் கொட்டகை போட்டார்களாம். மண் குடிசை கட்ட ஆசை! எங்க தெருவில் ஓடு போட ஆசைப்பட்டவன் ஆண்டையிடம் அடிவாங்கியிருக்கிறான்.

டால்ஸ்டாய் பண்ணையின் கதை வேறு. 1910 மே மாதம் கட்டடக் கலைஞர் காலன்பாக் தனக்குச் சொந்தமான 1,100 ஏக்கரைச் சத்தியாக்கிரகிகளுக்கு வாடகையில்லாமல் விட்டார். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல். ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருந்த மரங்கள் ஏறக்குறைய ஆயிரம். சிறைக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. எல்லோரையும் ஒரே இடத்தில் வைத்தால் செலவு குறையும் என்பதுதான் தொடக்கம். இந்தியாவிலிருந்து நன்கொடை வந்தது, ரத்தன் டாட்டா 25,000 ரூபாய் கொடுத்தார். அதாவது அது ஒரு போராட்ட முகாம், நல்ல முகாம். சிறைக்குப் போன தமிழர்களின் பெண்டு பிள்ளைகள் அங்கே பட்டினியில்லாமல் இருந்தார்கள். நம் சனம் இருந்த இடம் என்ற வகையில் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. (அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்ததும் காந்திதான், போப் ஐயரின் இலக்கணக் கையேட்டைத் தாண்டாத தமிழில். எம்.ஏ. தமிழ் படித்தவன் இதைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருப்பது கஷ்டம். ஆனாலும் சொல்லிக் கொடுத்தார் அல்லவா.)

ஆனால் பிழைப்பு என்ற இடத்தில் பிரதி மௌனமாகிறது. சாப்பாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக வருகிறது. கையால் அரைத்த கோதுமை, வீட்டிலேயே செய்த நிலக்கடலை வெண்ணெய், ஆரஞ்சுப் பாகு, காலன்பாக்கோடு சேர்ந்து 1912இல் பாலை விட்டது, பழம் மட்டும் தின்று பார்த்தது. விளைச்சலைப் பற்றி வரிகள்தான். விதை, மாடு, கடன், சந்தை விலை இவையெல்லாம் அந்தப் பக்கங்களில் பேச்சாக வருவதில்லை. எது பழுத்தது, எதைத் துறந்தோம் என்பதே பேச்சு. துறப்பதற்கு முதலில் கையில் இருக்க வேண்டும். 1876-78 பஞ்சத்தில் செத்ததுபோக மிஞ்சியவர்களின் பிள்ளைகளும் அந்தக் கப்பல்களில் போயிருக்கிறார்கள். பாலை விட வேண்டிய சிக்கல் அவர்களுக்கு வந்ததில்லை.

மலம் அள்ளும் விசயத்துக்கு வருகிறேன். ஆள் வைக்காமல் சமையலிலிருந்து கக்கூசு வரை தாங்களே செய்தார்கள். குழி வெட்டி, மண் போட்டு மூடி, எருவாக்கினார்கள். அந்தக் காலத்தில் எந்த இந்திய மேல்சாதி வீட்டில் இது நடந்தது? நடக்கவில்லை. அதனால் இதைச் சின்னதாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் என் நண்பர்களின் படியில் இதே விசயம் ‘எல்லோரும் முறை வைத்துக் கழிப்பறை சுத்தம் செய்வோம்’ என்று வந்திருக்கிறது. முறை வைத்து என்றால், முறை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு வரலாம். தோட்டித் தெருவில் பிறந்தவனுக்கு முறை முடிவதில்லை. தானாக எடுத்த வேலையும் தலையில் கட்டிய வேலையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். மண்வெட்டிக்குத் தெரியாது, பிடித்த கைக்குத் தெரியும்.

பண்ணைகள் எதற்கு உண்மையில் பயன்பட்டன என்று கேட்டால் 1913ஐப் பார்க்க வேண்டும். டால்ஸ்டாய் பண்ணையில் இருந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளிகளிடம் பேசினார்கள். வேலைநிறுத்தம் தொடங்கியது. நவம்பரில் எல்லையைத் தாண்டி நடந்த கூட்டத்தில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று காந்தி எண்ணி வைத்திருக்கிறார். கரும்புத் தோட்டக் கூலிகள் வேலையைப் போட்டுவிட்டு ஃபீனிக்ஸுக்கு ஓடிவந்து அடைக்கலம் புகுந்தார்கள். 1914இல் மூன்று பவுண்டு வரி ஒழிந்தது. ஒழித்தது கம்யூன் விவசாயம் அல்ல. கூலிக்காரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அந்த வெற்றியைப் பண்ணை வாழ்க்கையின் வெற்றியாக எழுதுகிறவர்கள் நாற்றங்காலைக் காட்டி அறுவடைக் கணக்கு சொல்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அதே 1913 ஜூனில் பூர்வகுடிகள் நிலச் சட்டம் வந்தது. கறுப்பர்கள் நிலம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது நாட்டில் ஏறக்குறைய 7 சதவீதம். ஃபீனிக்ஸுக்குப் பக்கத்திலேயே ஓலாங்கேயில் ஜான் டூபே பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்றவர் அவர். நாம் பேசிக்கொண்டிருக்கும் 100 ஏக்கரும் 1,100 ஏக்கரும் ஜூலுக்களுக்கும் மற்ற ஆப்பிரிக்கர்களுக்கும் இல்லாமல் போன பூமியில் இருந்தவை. தலித் வாசிப்பு என்று பேர் வைத்துக்கொண்டு தமிழன் பட்ட பாட்டோடு நான் நிறுத்தினால் அது அரைகுறை வாசிப்பு.

சரி, விவசாயத்தைக் கூட்டாகச் செய்வது பற்றி நம் பக்கத்தில் எழுதப்பட்டதே இல்லையா? இருக்கிறது. அம்பேத்கர் 1947இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அரசமைப்பு அவைக்குக் கொடுத்த ‘ஸ்டேட்ஸ் அண்ட் மைனாரிட்டீஸ்’. சட்டப் பிரிவுகளாக எழுதப்பட்டதால் இலக்கியக்காரர்கள் அதைப் படிப்பதில்லை. நான் அதைக் காந்தியின் பண்ணை அத்தியாயங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நிலம் முழுவதையும் அரசு எடுத்துக்கொள்ளட்டும், உரிமையாளனுக்குக் கடன்பத்திரமாக ஈடு கொடுக்கட்டும், நிலத்தை ஒரே அளவான பண்ணைகளாகப் பிரித்து ஊராருக்குச் சாதி மதம் பாராமல் கொடுக்கட்டும், கூட்டாகப் பயிர் செய்யட்டும் என்கிறார். ஆண்டையும் இல்லை, குத்தகைக்காரனும் இல்லை, நிலமற்ற கூலியும் இல்லை என்ற நிலை வரும்படியாக. அடுத்து வருவதுதான் முக்கியம். தண்ணீர், உழவு மாடு, கருவி, எரு, விதை: இவற்றைக் கொடுப்பது அரசின் கடமை என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடுகிறார். விளைச்சலில் என்னென்ன கழிக்கலாம், மிச்சத்தை யார் பங்கிட்டுக்கொள்வது என்றும் எழுதுகிறார். துண்டு நிலங்களை ஒன்றுசேர்ப்பதோ குத்தகைச் சட்டமோ நிலமே இல்லாத ஆறு கோடித் தீண்டப்படாதோருக்கு ஒன்றும் செய்யாது என்று விளக்கக் குறிப்பில் சொல்கிறார்.

இரண்டு பிரதியிலும் எரு வருகிறது. காந்தியிடம் அது சுத்தம். அம்பேத்கரிடம் அது பாக்கி, அரசு நமக்குத் தரவேண்டிய பாக்கி. விவசாயத்தில் பிழைக்க வேண்டியவன் எழுதும்போது மாட்டுக்கும் விதைக்கும் ஒரு வரி இருந்தே தீரும். எங்கப்பா கையெழுத்துப் போடத் தெரியாதவர், ஆனால் அந்தப் பிரிவை வாசித்துக் காட்டியிருந்தால் ‘இவருக்கு ஏர் தெரியும்’ என்றிருப்பார்.

இதெல்லாம் காகிதத்தில் இருக்கிற வாதம், நடைமுறையில் என்ன என்று கேட்பவர்களுக்கு அமெரிக்கக் கறுப்பர்களின் கதை ஒன்று உண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் லீ கவுண்டி. வாக்குரிமைக்குப் போராடியதற்காக வெள்ளைக்காரர்களின் நிலத்திலிருந்து விரட்டப்பட்ட குத்தகைக் குடும்பங்களைப் பார்த்துவிட்டு, சார்ல்ஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட் முதலியோர் 1969இல் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ தொடங்கினார்கள். தனி ஆள் விற்க முடியாதபடி நிலம் பொதுவில் இருக்கும், குடும்பங்கள் அதில் பயிர் செய்யும். 5,700 ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள். கறுப்பர் கையில் ஒன்றாக இருந்த நிலத்தில் நாட்டிலேயே பெரியவற்றில் ஒன்று அது. நிலக்கடலை, சோளம், பன்றி வளர்ப்பு, சாலையோரத்தில் கடை. இது துறவு இல்லை, பிழைப்பு. பிழைப்பு என்பதால்தான் அடி விழுந்தது. மத்திய அரசிடமிருந்து வரவேண்டிய உதவியை மாநில ஆளுநர் தடுத்தார். எழுபதுகளின் கடைசியில் வறட்சி வந்தபோது, பக்கத்து வெள்ளை விவசாயிக்குக் கிடைத்த அவசரக் கடன் இவர்களுக்கு இழுத்தடிக்கப்பட்டது. 1985இல் நிலம் போயே போய்விட்டது. கடன் கொடுப்பதில் விவசாயத் துறை கறுப்பர்களுக்குப் பாகுபாடு காட்டியது என்ற வழக்கின் தொடர்ச்சியாக 2009இல் ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் டாலர் கிடைத்தது. 2011இல் வேறு நிலம் வாங்கினார்கள், ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்த தோட்டம். ஆனால் இடையில் இருபத்தைந்து வருசம். பயிர் வைக்க வேண்டிய வயசெல்லாம் போய்விட்டது.

டால்ஸ்டாய் பண்ணைக்கு வறட்சி வந்திருந்தால் நன்கொடை வந்திருக்கும். நியூ கம்யூனிட்டீஸுக்குக் கடன் வரவில்லை. அம்பேத்கர் ஏன் எருவுக்கும் விதைக்கும் தனியாகப் பிரிவு எழுதினார் என்று அப்போதுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

அம்பேத்கர் பிரதியிலும் எனக்கு இடறல் உண்டு. அவர் எல்லாவற்றையும் அரசின் கையில் கொடுக்கிறார். அரசு சொல்கிறபடி பயிர் வைக்க வேண்டும், ஒழுங்காக வைக்காவிட்டால் தண்டனை. நாம் பார்த்த அரசு எப்படிப்பட்டது? செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையை ஒட்டி, 1892இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை நூறு வருசம் பிறகு திரும்பக் கேட்டோம். 1994 அக்டோபரில், காரணை நிலத்துக்காகச் செங்கல்பட்டில் கூடியவர்கள்மேல் அதே அரசின் போலீசு சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேர் செத்தார்கள். அரசே ஆண்டையானால் யாரிடம் போய் முறையிடுவது என்பதற்கு 1947 பிரதியில் பதில் போதவில்லை. அதில் பெண்ணின் பங்கு எது என்றும் நான் தேடினேன். பண்ணையைக் குடும்பங்களுக்குக் கொடுக்கிறார். குடும்பத்துக்குள் நாற்று நடுகிறவள் பேருக்கு என்ன வரும் என்று பிரிவு இல்லை. என் அம்மா நாற்பது வருசம் நாற்று நட்டவள், அதனால் கேட்கிறேன்.

நண்பர்களின் படியை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “கெணறு இருக்கா?” என்றாள். படியில் கிணறு இல்லை. “யாரு பேர்ல பட்டா?” என்றாள். மூன்று நண்பர்களில் ஒருவருடைய அண்ணன் பேரில் வாங்குவதாக ஒரு வரி இருந்தது. “அப்ப அது அவங்க நெலம். இவங்க போயி அதுல வேல செய்யறாங்க” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: பட்டா யார் பேரில், சங்கத்தின் பேரிலா? கிணறு யாருடையது, பக்கத்து நிலத்துக்காரன் மடையை அடைத்தால் யார் போய்ப் பேசுவது? முதல் இரண்டு வருசம் விளையாவிட்டால் வேலையை விட்டு வந்தவர் வேலைக்குத் திரும்பலாம், காலனியிலிருந்து வந்து சேர்கிற குடும்பம் எங்கே திரும்பும்? விலகுகிறவருக்கு உழைப்புக் கணக்கு உண்டா? பெண்களுக்குத் தனிப் பங்கு உண்டா? முன்னுரை இல்லாமல் படியைத் திருப்பிக் கொடுத்தேன். ஒருவருக்குக் கோபம். இன்னொருவர் பென்சில் எழுத்தை மையில் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். பட்டாவைச் சங்கத்தின் பேருக்கு மாற்ற அண்ணன் சம்மதிப்பாரா என்று கேட்டுவர மூன்றாமவர் ஊருக்குப் போயிருக்கிறார்.